பத்துக்கு ஒன்பது

எவர்பிரைட் அனைத்துலகக் கல்லூரியில் மனித மூளையின் இடது பாதி மட்டும்தான் இருந்தது. பிளாஸ்டிக்கில் செய்தது. வலது பாதியை அடுத்த நிதியாண்டில் வாங்குவதாக நிர்வாகக் குழு தீர்மானம் போட்டிருந்தது. அதுவரைக்கும் வலது பாதியை எப்படிப் படிப்பது என்று முதல் வாரமே என் வகுப்பு விஜயன் எழுந்து கேட்டான். கல்லூரித் தலைவர் டாக்டர் வல்லிபுரம் கண்ணாடியைக் கழற்றி, டையின் நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னார்.

"வலது மூளையின் வேலையே கற்பனை. ஆகவே அதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்."

பதினான்கு பேரும் அதை நோட்டில் எழுதிக்கொண்டோம். நான் சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டேன். அந்த அடிக்கோட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

இது தொண்ணூற்றாறில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நடந்தது. கல்லூரி ஒரு கடை வரிசையின் இரண்டாம், மூன்றாம் மாடிகளில் இருந்தது. கீழே தம்புசாமி அண்ணனின் மசாலா மில். செவ்வாயும் வெள்ளியும் அங்கே மிளகாய் அரைப்பார்கள். அன்றைக்கெல்லாம் நாங்கள் தும்மிக்கொண்டே படித்தோம். டாக்டர் வல்லிபுரம் இதற்காக ஒருபோதும் வருத்தம் தெரிவித்ததில்லை. மறு ஆண்டுக் கையேட்டில், கல்லூரியின் வசதிகள் என்ற தலைப்பின் கீழ், 'கவனச் சிதறல் ஆய்வுக்கூடம் (வாரம் இருமுறை)' என்று ஒரு வரி சேர்ந்திருந்தது.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதை எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் நடக்கிற கதைதான். என் பெயர் புஷ்பவல்லி. ஊர் போர்ட் கிள்ளான். அப்பா கன்னையா துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டுகிறவர். எஸ்.டி.பி.எம். தேர்வில் நல்ல புள்ளிகள்தான் வாங்கினேன். உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. ஏன் என்று எங்கள் ஆட்கள் யாரும் கேட்கவில்லை. கேட்டால்தானே பதில் சொல்ல வேண்டும். அந்த வாரம் தமிழ்ப் பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. 'இருபத்தொன்றாம் நூற்றாண்டின் படிப்பு! காக்னிட்டிவ் சயின்ஸ் பட்டப்படிப்பு! ஈராண்டு இங்கே, ஓராண்டு இங்கிலாந்தில்!' அப்பா அதை வெட்டி எடுத்து, லோரியில் வெயில் மறைக்கிற அட்டையின் இடுக்கில் செருகி வைத்துக்கொண்டார்.

பதிவு செய்யப் போன அன்று அப்பாவும் கூட வந்தார். முகப்பில் கனகேஸ்வரி ஆன்டி உட்கார்ந்திருந்தார். அவர்தான் பதிவாளர், கணக்காளர், நூலகர்.

"இது என்னா படிப்புங்க?" என்றார் அப்பா.

"மனசு எப்படி வேலை செய்யுதுன்னு படிக்கிறது, அண்ணே. நெனைக்கிறது, மறக்கிறது, முடிவெடுக்கிறது, எல்லாம் வரும்."

"அப்ப மூளை டாக்டரா?"

"அதுக்கும் மேல, அண்ணே."

அப்பாவுக்கு அது போதும். பொழுது சாய்வதற்குள் என் மகள் மூளை டாக்டருக்கும் மேலே படிக்கப் போகிறாள் என்று லோரி யார்டு முழுக்கச் சொல்லிவிட்டார். அதுக்கும் மேலே என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. டாக்டருக்கு மேலே கடவுள்தான் என்று நினைத்திருக்கலாம்.

ஒன்பது பாரங்களில் கையெழுத்து வாங்கினார்கள். ஒன்பதாவதில் எழுத்து எறும்பு ஊர்வது போல் இருந்தது. "இது என்னா ஆன்டி?" என்று கேட்டேன். "எல்லாரும் போடுறதுதாம்மா" என்றார். எல்லாரும் போடுகிற கையெழுத்தை நான் மட்டும் போடாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்? போட்டேன்.

திங்கட்கிழமைகளில் சபைக்கூடல். மற்ற கல்லூரிகளில் உறுதிமொழி எடுக்க நெஞ்சில் கை வைப்பார்களாம். எங்களுக்குத் தலையில். "சிந்திப்பது எங்கே? அங்கேதான் கை இருக்க வேண்டும்" என்பது டாக்டர் வல்லிபுரத்தின் ஏற்பாடு. வலது கையை உச்சந்தலையில் வைத்துக்கொண்டு, "என் மனமே என் மூலதனம், எவர்பிரைட்டே என் மனத்தின் இல்லம்" என்று மூன்று முறை சொல்ல வேண்டும். தெருவிலிருந்து பார்த்தால் ஜன்னல் வழியே நாங்கள் கை வைத்து நிற்பது தெரியும். ஒரு திங்கட்கிழமை தம்புசாமி அண்ணன் கையெல்லாம் மஞ்சள் தூளோடு மாடியேறி வந்துவிட்டார்.

"சார், என்னா தப்பு செஞ்சிருந்தாலும் விட்டுருங்க சார். வாரா வாரம் நிக்கிதுங்க. பாவம்லா, பெத்தவங்க கஷ்டப்பட்டு அனுப்புறாங்க."

எங்களுக்காக அந்தக் கட்டடத்தில் யாராவது பரிந்து பேசியது அந்த ஒரு முறைதான். நாங்கள் சிரித்தோம்.

காக்னிட்டிவ் சயின்ஸ் என்பது ஆறு துறைகள் ஒன்றுகூடும் இடம் என்று கையேட்டில் ஆறு ஆறுகள் கலக்கிற படம் போட்டிருந்தது. கல்லூரியில் இருந்த விரிவுரையாளர்கள் மூன்று பேர். கணினி ஒன்று. அது குளிரூட்டிய கண்ணாடி அறைக்குள் இருந்தது. தூசு படக்கூடாது, அதுவும் மிளகாய்த் தூசு படவே கூடாது என்பதால் மாணவர்கள் உள்ளே போகக்கூடாது. செயற்கை அறிவு வகுப்பை நாங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று, அதைப் பார்த்தபடி படித்தோம். நரம்பு வலையமைப்பை விளக்க எங்களை வட்டமாக நிற்க வைத்து, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு ராஃபியா கயிற்றைக் கட்டினார்கள். யாராவது இழுத்தால் எல்லோரும் இழுபட வேண்டும். விஜயன் இழுத்தான், யாரும் அசையவில்லை. "மூளை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை" என்றார் விரிவுரையாளர். எனக்கு என்னவோ மூளை களைத்துப்போயிருந்தது போல்தான் பட்டது.

வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பாரம் வரும். அதில் ஒரே கேள்வி. 'கல்லூரியின்மீது உங்கள் நம்பிக்கை எவ்வளவு? ஒன்று முதல் பத்து வரை ஓர் எண்ணை வட்டமிடுக.'

நான் எப்போதும் ஒன்பதை வட்டமிட்டேன். இதில் பெரிய சிந்தனை எதுவும் கிடையாது. படிப்பு சொல்லிக் கொடுக்கிறவர்களுக்குக் குறைத்துப் புள்ளி போடுவது எங்கள் வீட்டுப் பழக்கமில்லை. ஆனால் பத்துப் போட்டால் கண் பட்டுவிடும். குழந்தை அழகாக இருந்தால் கன்னத்தில் ஒரு மைப் பொட்டு வைப்பதில்லையா, அப்படி ஒரு புள்ளியைக் குறைத்துவிடுவேன். கல்லூரி நல்லா இருக்கணும் என்றுதான்.

விஜயன் சாலாக் செலாத்தானிலிருந்து வருகிறவன். அவன் முதல் மாதம் எட்டுப் போட்டான், பிறகு ஆறு, பிறகு மூன்று.

"நீ எப்படி பாப்பா இன்னும் ஒம்போது போடுற? கண்ணு தெரியுதா இல்லையா?"

"நீ ஏன் மூனு போடுற? பாவம் டாக்டரு எவ்ளோ பாடுபடுறாரு."

"யாரு, அவுரா? சரிதான்லா."

முதல் ஆண்டு முடிவில் எங்களைப் பேருந்தில் ஏற்றிச் சுங்கை வே என்ற இடத்துக்கு அழைத்துப்போனார்கள். புதிய வளாகத்தைப் பார்க்க. தொழிற்சாலை வேலிக்குப் பின்னால் லாலான் புல் முழங்கால் உயரத்துக்கு நின்றது. டாக்டர் வல்லிபுரம் அதன் நடுவில் போய் நின்று இரண்டு கைகளையும் விரித்தார். "சாதாரண மனிதன் இங்கே வெற்று நிலத்தைப் பார்ப்பான். காக்னிட்டிவ் சயின்ஸ் மாணவன் இங்கே கட்டடத்தைப் பார்ப்பான்." நாங்கள் பார்த்தோம். கனகேஸ்வரி ஆன்டி நூலகம் எங்கே வரும் என்றுகூடக் காட்டினார். கட்டடம் எப்போது எழும்பும் என்று கேட்டபோது "அடுத்த செமஸ்டர்" என்றார்கள். அந்த வெள்ளிக்கிழமை பாரம் வந்தது. ஒன்பது.

அடுத்து இங்கிலாந்துப் பேராசிரியர் வருகிறார் என்றார்கள். அவர்தான் எங்கள் கடைசி ஆண்டுக்கு அங்கே இடம் ஒதுக்கப் போகிறவராம். சுபாங் விமான நிலையத்தில் மல்லிகை மாலையோடு ஐந்து மணி நேரம் நின்றோம். கடைசிப் பயணியும் வெளியே வந்தாயிற்று. அவர் வரவில்லை. டாக்டர் வல்லிபுரம் மாலையோடு எங்களைப் படம் எடுத்தார். கல்லூரிக்குத் திரும்பியதும், மாலை வீணாகக் கூடாது என்று அதைப் பிளாஸ்டிக் மூளைக்குப் போட்டார்கள். பாதி மூளை என்பதால் மாலை சரிந்து சரிந்து விழுந்தது. பேராசிரியர் எப்போது வருவார்? அடுத்த செமஸ்டர். பாரம். விஜயன் ஒன்று போட்டுவிட்டு அப்படியே படியிறங்கிப் போய், சுங்கை வேயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். "நம்ப புது கேம்பஸ் வேலிக்கு அந்தப் பக்கம்தான் வேலை செய்றேன், இன்னும் புல்லுதான் மொளைச்சிருக்கு" என்று போனில் சொன்னான். நான் அவனோடு கோபித்துக்கொண்டேன்.

இரண்டாம் ஆண்டு நடுவில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. தமிழ்ப்பள்ளி ஆசிரியராவதற்கு மக்தாபில், அதாவது அரசாங்க ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில், இடம். பதினான்கு நாளுக்குள் பதில் போட வேண்டும். வீட்டில் யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. "டாக்டர்கிட்ட கேளும்மா, அவரு படிச்சவரு" என்றார் அப்பா. கேட்டேன்.

அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு எழுந்து, மூலையிலிருந்த கெட்டிலைத் தானே போட்டு, வீட்டில் பேசும் யாழ்ப்பாணத் தமிழில் கேட்டார்.

"இரும் பிள்ளை. தேத்தண்ணி குடிக்கிறீரோ? சீனி எத்தனை?"

"ரெண்டு சார்" என்றேன். அவரே கலக்கி, அவரே கொண்டுவந்து, என் முன்னால் வைத்தார். பிரம்பு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒரு மகள் இருக்கிறா. அவவுக்குச் சொல்லுறதைத்தான் உமக்கும் சொல்லுறன். ஊருக்கு ஆயிரம் வாத்தியார்மார். இந்தப் படிப்புப் படிச்சவை எத்தனை பேர்? அடுத்த செமஸ்டர் நீர் இங்கிலாந்தில நிப்பீர். இந்தக் கடிதத்தை மறந்துவிடும்."

மறந்துவிட்டேன். பதினைந்தாம் நாள் வந்தது, போனது. அப்பாவிடம் நடந்ததைச் சொன்னபோது அவருக்கு மக்தாப் போனது பெரிதாகத் தெரியவில்லை.

"தேத்தண்ணியா? அவரே போட்டாரா?"

"அவரேதாம்பா. சீனி எத்தனைன்னு கேட்டாரு."

"பி.எச்.டி. படிச்ச மனுசன், ஒரு லோரி டிரைவர் மகளுக்கு." அப்பா அந்தத் தேத்தண்ணியை யார்டில் ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வெள்ளிக்கிழமை நான் ஒன்பதை வட்டமிட்டபோது பேனாவை அழுத்திப் பிடித்தேன். பத்தே போடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

தொண்ணூற்றெட்டில், கோலாலம்பூரில் ஒரு பெரிய ஹோட்டலில் அனைத்துலகக் கருத்தரங்கு. டாக்டர் வல்லிபுரம் கட்டுரை படிக்கிறார் என்றும், இங்கிலாந்துப் பயணம் பற்றி அன்று முக்கிய அறிவிப்பு வரலாம் என்றும் கனகேஸ்வரி ஆன்டி ரகசியமாகச் சொன்னார். எஞ்சியிருந்த ஆறு மாணவர்களுக்கும் வேலை கொடுத்தார்கள். ஐந்து பேர் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் விநியோகம். எனக்குத்தான் பெரிய பொறுப்பு. புரொஜெக்டர் பக்கத்தில் நின்று, தலைவர் பேசப் பேச, ஒளி ஊடுருவும் எழுத்துத் தாள்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடி மேல் வைக்க வேண்டும். அப்பா அன்று மதியம் வெறும் லோரியோடு திரும்புகிறவர். வந்து அழைத்துக்கொள்வதாகச் சொன்னார். நல்ல செய்தியை நேராகக் கேட்கலாமே என்று.

முதல் தாளை வைத்தேன். திரையில் ஆங்கிலத்தில் தலைப்பு வந்தது. 'ஏமாற்றத்துக்குப் பின்னும் நீடிக்கும் நம்பிக்கை: ஒரு வகுப்பறையில் ஈராண்டு ஆய்வு.'

"பெரியோர்களே," என்று தொடங்கினார் டாக்டர் வல்லிபுரம். "ஒரு மனிதனிடம் எத்தனை முறை வாக்குத் தவறினால் அவன் நம்புவதை நிறுத்துவான்? உலகம் இதை எலிகளிடம் கேட்டது. நாங்கள் இதைப் பதினான்கு மாணவர்களிடம் கேட்டோம். எலிக்குக் கூண்டு வேண்டும், தீனி வேண்டும். மாணவர்கள் தாங்களாகவே ரயிலேறி வந்துவிடுகிறார்கள்."

சபை சிரித்தது. நான் இரண்டாவது தாளை வைத்தேன். பதினொரு நிகழ்வுகளின் பட்டியல். மூன்றாவது வரியில் புதிய வளாகம். ஐந்தாவது வரியில் வெளிநாட்டுப் பேராசிரியர். ஏழாவது வரியில், 'போட்டி வாய்ப்பு, எண் 14 மட்டும்' என்று இருந்தது. என் பதிவு எண் பதினான்கு.

"ஏழாவது நிகழ்வு நாங்கள் திட்டமிட்டதல்ல," என்றார் அவர். "அதிர்ஷ்டவசமாகத் தானாகவே வந்து சேர்ந்தது. எண் பதினான்குக்கு அரசாங்கப் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்தது. நாங்கள் கையாண்டவை இரண்டு மட்டுமே. திரையில் பாருங்கள்: தந்தைக் குரல், தேநீர். மாணவி வாய்ப்பை மறுத்தார்."

என் கைதான் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவமானமாக இருந்தது. அவருக்காக அல்ல, சீனி இரண்டு என்று சொன்ன எனக்காக.

"அடுத்தது," என்றார்.

வைத்தேன். வரைபடம். பதின்மூன்று கோடுகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. ஒரே ஒரு கோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் ஒன்பதில் நேராக ஓடியது.

"எண் பதினான்கு," என்று பிரம்பால் தொட்டுக் காட்டினார். "முதலில் இந்த மாணவிக்குக் கேள்வி புரியவில்லையோ என்று சந்தேகித்தோம். பிறகுதான் அந்த ஒரு புள்ளியைக் கவனித்தோம். ஏன் பத்து இல்லை? பத்து நிமிடம் இதற்காக ஒதுக்க விரும்புகிறேன். அந்தக் குறைந்துபோன ஒரு புள்ளிதான், எங்கள் ஆய்வின்படி, இந்தச் சமூகத்தில் எஞ்சியிருக்கும் பகுத்தறிவு."

பத்து நிமிடம் அதை விளக்கினார். மூன்று அடி தள்ளித்தான் நின்றேன். ஏன் பத்துப் போடவில்லை என்று என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

முடிந்ததும் ஓர் ஆஸ்திரேலிய அம்மையார் எழுந்தார். "இந்த மாணவர்களுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"ஒன்பதாவது பாரத்தில் அனைவரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். நெறிமுறையில் நாங்கள் மிகவும் கண்டிப்பானவர்கள்."

"கடைசியில் அவர்களுக்குப் பட்டம் கிடைக்கும்தானே?"

டாக்டர் வல்லிபுரம் என் பக்கம் திரும்பி, இரண்டாவது தாளை மறுபடி வைக்கச் சொன்னார். வைத்தேன். முதல் வரியைப் பிரம்பால் தொட்டார். 'நிகழ்வு 1: தொடக்க வாக்குறுதி.'

"பட்டம் இதில் அடக்கம், அம்மணி."

கைதட்டினார்கள்.

நடைக்கூடத்தில் அவரைப் பிடித்தேன். வருகையாளர்கள் சூழ நின்று கை குலுக்கிக்கொண்டிருந்தார்.

"சார், மக்தாப்புக்குப் போக வேணாம்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"ஓம் பிள்ளை, சொன்னனான். நீர் போயிருந்தா எங்கட கோடு பாதியில அறுந்திருக்குமல்லோ?" அவர் முகத்தில் உண்மையாகவே வாஞ்சை இருந்தது. "இந்தக் கட்டுரை நிண்டதே உம்மாலதான். நன்றியுரையில உம்மையும் போட்டிருக்கிறன்."

"என் பேரா சார்?"

"இல்லை, நம்பர். பேர் போடுறது நெறிமுறைக்கு மாறு."

வாசலில் கனகேஸ்வரி ஆன்டி மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். போகிற மாணவர்களுக்குக் கடைசிப் பாரம். அதே கேள்வி, அதே எண்கள்.

"ஆன்டி, இதுல பூஜ்யம் இல்லையா?"

"பூஜ்யம் போட்டா கம்ப்யூட்டர் எடுக்காதும்மா. ஒன்னுலேர்ந்துதான்." குரலைத் தாழ்த்தினார். "நானும் ஒம்போதாவது பாரத்தை முழுசாப் படிச்சதில்ல. என்கிட்டயும் ஒன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க."

பாரத்தை வட்டமிடாமல் மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

லோரியை ஹோட்டல் முகப்பில் விடவில்லை. அப்பா மேம்பாலத்துக்கு அடியில் நிறுத்தி, சட்டை மாற்றிக்கொண்டு நின்றார். தீபாவளிச் சட்டை. ஏறி உட்கார்ந்தேன். ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஏறும்வரை அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவு நேரம் அடக்கி வைத்ததே பெரிது.

"என்னாமா, உன்னப் பத்திப் பேசுனாங்களா?"

"பேசுனாங்கப்பா."

"எவ்ளோ நேரம்?"

"பத்து நிமிசம் இருக்கும்."

"பத்து நிமிசமா!" ஸ்டீரிங்கை ஒரு தட்டுத் தட்டினார். "வெள்ளக்காரங்க முன்னாலயா? நான் சொன்னேன்ல, அவரு உன்ன மக மாதிரி வச்சிருக்காருன்னு. சரி, இங்கிலாந்து எப்ப?"

'அடுத்த செமஸ்டர்ப்பா' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எவ்வளவு சுலபமாக வந்தது! இரண்டு வருடம் கேட்டுப் பழகிய வார்த்தை. சொன்னால் அவர் நம்புவார். அதற்கடுத்த செமஸ்டரும் நம்புவார். பாரம் ஒன்று நீட்டினால் எத்தனை போடுவார் என்றும் எனக்குத் தெரியும்.

"அப்பா, லோரிய ஓரமா நிப்பாட்டுங்க."

"ஏம்மா, வாந்தி வருதா?"

பத்து தீகா என்ற ஊரின் டோல் சாவடிக்கு முன்னால் ஓரங்கட்டினார். எல்லாவற்றையும் சொன்னேன். புல் முளைத்த வளாகம், வராத பேராசிரியர், ஒன்பதாவது பாரம், கோடு, மக்தாப், கிடைக்கவே போகாத பட்டம். அப்பா எஞ்சினை அணைக்கவில்லை. இரண்டு கைகளையும் ஸ்டீரிங்மேல் வைத்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். யார்டு லோரி ஒன்று ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அவர் திரும்ப அடிக்கவில்லை. மேலே செருகியிருந்த விளம்பரத் துண்டை எடுத்தார். மஞ்சளாகிப் போயிருந்தது. பார்த்துவிட்டு, எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

பிறகு கேட்டார்.

"அந்தத் தேத்தண்ணி, அவரே போட்டாருன்னியே. அதுவுமா?"

"அதுவுந்தாம்பா."